துணைக்கால்

தனியே எழுதிப் பாருங்கள்,
அதற்கு ஒலி கிடையாது.
'க'வின் பக்கத்தில் நின்றால்தான் 'கா'.
அப்போதும் நீள்வது 'க'தான்.

சுன்னிவா ப்ரெக்கேவுக்குத் தமிழ் தெரியாது.
ஓஸ்லோவில், கல் சிங்கங்கள் காவலிருக்கும்
மஞ்சள்செங்கல் நாடாளுமன்றத்தில்
ஒரு நடுத்தரக் கட்சியின் துணைத் தலைவர்.
ஒன்பதாம் ஆண்டு.
அவர்கள் மொழியில் அந்தப் பதவியின் பெயரே
'அடுத்த தலைவர்'.
அடுத்து என்றால் எப்போது என்று
எந்த அகராதியும் சொல்வதில்லை.

பாலம் திறக்க ஹால்வோர் போவார்.
வடகோடித் துறைமுகத்தில்
மகப்பேறு வார்டை மூடியபோது
போனவள் இவள்.
(அவரை 'அவர்' என்றும் இவளை 'இவள்' என்றும்
எழுதிவிட்டேன். திருத்தவில்லை.
மொழிக்கும் ஒரு கட்சி அலுவலகம் உண்டு.)

டிசம்பர், நண்பகல் இருட்டு.
பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
நூற்றிருபது பேர், கழற்றாத மேலங்கிகளோடு.
நிறைமாதக்காரி ஒருத்தி எழுந்து கேட்டாள்:
"பனிப்புயலில் மலைச்சாலை அடைத்தால்
நான் எங்கே பெறுவது? உங்கள் காரிலா?"
பதில் தாளில் இருந்தது.
தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு
"எனக்குத் தெரியவில்லை" என்றாள்.
மறுநாள் அந்த வாக்கியத்தை
அலுவலகம் திருத்தி வெளியிட்டது.
கூட்டம் முடிந்ததும் அதே பெண்
வாஃபிள் ஒன்றை நீட்டினாள்,
மேலே பழுப்புப் பாலாடைக்கட்டி.
கோபம் தணிந்து அல்ல. அங்கே அதுதான் வழக்கம்.

ஹால்வோருக்கு முதுகுத்தண்டில் அறுவை.
பதினொரு வாரம்.
புதன்கிழமைக் கேள்வி நேரத்தில்
பிரதமரை நோக்கி முதலில் எழுந்தவள் சுன்னிவா.
தாளின் ஓரத்தில்
'இங்கே தண்ணீர் குடிக்கவும்' என்றிருந்தது.
அவருக்காக எழுதி எழுதிப் பழகிய குறிப்பு.
அந்த இடம் வந்ததும்
தாகமில்லாமலே குடித்தாள்.

கருத்துக்கணிப்பில் கட்சி இரண்டு புள்ளி ஏறியது.
எதனால் என்று மூன்று பேராசிரியர்கள் விளக்கினார்கள்.
பதினோராம் வாரத்து வெள்ளிக்கிழமை
தன் கோப்பையையும் கம்பளிக் காலுறையையும் எடுத்துக்கொண்டு
தாழ்வாரத்தின் மறுகோடிக்குத் திரும்பினாள்.

மறு வசந்தத்தில் அவர் விலகினார்.
தேர்வுக் குழுத் தலைவர் அழைத்தபோது
உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது.
"எல்லோருக்கும் உங்களைப் பிடிக்கும்" என்று தொடங்கினார்.
அந்தத் தொடக்கத்திலேயே அடுப்பை அணைத்துவிட்டாள்.
தூவா. முப்பத்து நான்கு வயது.
கேமராவுக்கு முன்னால் மூச்சு வாங்காதவள்.
"தொடர்ச்சிக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தால்..."
தொடர்ச்சி என்ற சொல் மூன்று முறை வந்தது.
ஒரு மணி நேரம் கேட்டாள்.

வடக்கு மாவட்டங்களிலிருந்து ஃபோன் வந்தது:
நில்லுங்கள், நாங்கள் இருக்கிறோம்.
பழைய உறையின் பின்பக்கத்தில் எண்ணினாள்.
ஒன்பது ஆண்டாக
யார் கையைத் தூக்குவார், யார் கழிவறைக்குப் போவார் என்று
அடுத்தவருக்காக எண்ணியவள்.
பொய்யாக எண்ணத் தெரிந்திருந்தால்
நின்றிருப்பாளோ என்னவோ.
ஏழு குறைந்தது.
மறுபடி எண்ணினாள். ஏழுதான்.
உருளைக்கிழங்கு பாதி வெந்து ஆறிப்போயிருந்தது.
உப்புத் தொட்டு அப்படியே தின்றாள்.

விமான நிலையத்துக்கு அருகே ஓர் ஓட்டலில் மாநாடு.
அவையை நடத்தியதும் அவளே.
பெயரை வாசித்தாள், உச்சரிப்புப் பிசகாமல்.
கைதட்டலால் தேர்வு; அரங்கு எழுந்து நின்றது.
அவளுடைய ஒரு கையில் மரச்சுத்தியல்.
மறு கையில், கொடுப்பதற்கான பூங்கொத்து,
ஈரத்தண்டு சட்டையின் கைமடிப்பில் சொட்ட.
'ஏகமனதாக' என்று
நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

தூவா குள்ளம். ஒலிவாங்கி உயரமாக நின்றது.
சுத்தியலை வைத்துவிட்டு வந்து
திருகைத் தளர்த்தி, தாழ்த்தி,
விரலால் தட்டிப் பார்த்தாள்.
டொக். டொக்.
கடைசி வரிசையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடத்
திரும்பினார்.